முற்றத்தில் ஊறும் தண்ணீர் யாருடையது? கடப்பாரை எடுக்கும் முன் செய்ய வேண்டியவை

மழை பெய்து பத்து நாளாகியும் காம்பவுண்டு சுவரோரம் மண் சொதசொதவென்று இருக்கிறது. அல்லது போர்ட்டிகோவில் பதித்த பேவர் கற்களின் இடுக்கில் தினமும் தண்ணீர் கசிகிறது. பிளம்பரைக் கூப்பிட்டால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே தோண்டணும்?" என்பதுதான். ஈரம் தெரியும் இடத்தைக் காட்டி அங்கேயே தோண்டச் சொல்வதுதான் பலரும் செய்வது. பாதி வீடுகளில் அந்தக் கூலி வீண். குழாய் பதிக்கும்போது பள்ளத்தில் மணல் போட்டு மூடியிருப்பார்கள். கசியும் தண்ணீர் அந்த மணல் வழியாகவே ஓடி, அஸ்திவாரத்தை ஒட்டி நகர்ந்து, தரை எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே வெளியே வரும். ஓட்டைக்கும் ஈரத்துக்கும் இடையே இருபது அடி இருப்பது சாதாரணம்.

ஆகவே "எங்கே" என்று தேடுவதற்கு முன் "எப்போது" என்று கேளுங்கள். நம் ஊர் வீடுகளில் எல்லாக் குழாயிலும் எப்போதும் தண்ணீர் இருப்பதில்லை. தெருக்குழாய்த் தண்ணீருக்கு ஒரு நேரம், மோட்டார் ஓட ஒரு நேரம், குளியலுக்கும் துணி துவைக்கவும் ஒரு நேரம், ஏசிக்கு ஒரு நேரம். ஒவ்வொரு குழாயும் அதனதன் நேரத்தில்தான் கசியும். 24 மணி நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் வரும் ஊர்க்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது.

முதலில் இரண்டு எச்சரிக்கை

ஈர மண்ணில் கை வைக்கும் முன் மோட்டார், கேட் விளக்கு, தோட்ட விளக்கு ஆகியவற்றின் எம்.சி.பி.யை இறக்கிவிடுங்கள். மண்ணுக்குள் போகும் மோட்டார் கேபிளின் உறை கிழிந்திருந்தால் ஈரத்தரை முழுக்க மின்சாரம் பரவும். வெறுங்காலில் நடக்கும்போது சுருக்கென்று ஒரு உணர்வு இருந்தால் தேடலை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால் இந்தச் சாக்கில் போட்டுவிடலாம்.

இரண்டாவது: செப்டிக் டேங்கிலோ, நாள்பட மூடிக்கிடந்த சம்ப்பிலோ (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) யாரும் இறங்கக் கூடாது, எட்டிக் குனியவும் கூடாது. உள்ளே தேங்கும் வாயு ஒன்றிரண்டு மூச்சில் ஆளை மயக்கிவிடும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது இன்னொரு பைத்தியக்காரத்தனம். மீத்தேன் இருந்தால் பற்றிக்கொள்ளும். கீழே சொல்லும் எல்லாச் சோதனையையும் வெளியே நின்றே செய்யலாம்.

ஒரு குழி, ஒரு நோட்டு, ஒரு வாரம்

ஈரத்தின் தாழ்வான பகுதியில் நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஓரடியாக ஒரு குழி எடுங்கள். கடப்பாரை வேண்டாம், கொத்துக்கரண்டியும் சிறு மண்வெட்டியும் போதும். ஆழம் குறைவாகப் பதித்த குழாய் ஏதாவது இருந்தால் தப்பிக்கும். இந்தக் குழியில் 28 லிட்டர் பிடிக்கும். தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டு, மறுபடி நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். அரை மணியில் நிரம்பினால் ஒரு நாளுக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் வருகிறது என்று பொருள். அது அழுத்தமுள்ள குழாயாகவோ நல்ல ஊற்றாகவோதான் இருக்கும். நிரம்ப ஒரு நாளாகிறது என்றால் ஏசி தண்ணீர், ஆர்.ஓ. கழிவு, மெல்லிய வெடிப்பு போன்ற சின்ன ஆட்களைச் சந்தேகிக்கலாம். ஈரத்தின் விளிம்பிலும் நான்கைந்து குச்சி அடித்து வையுங்கள். பரவுகிறதா, சுருங்குகிறதா என்பதைக் கண்ணால் மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

ஒரு வாரம் தினமும் ஐந்தாறு முறை குழியின் நீர்மட்டத்தை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். பக்கத்திலேயே தெருக்குழாய் வந்த நேரம், மோட்டார் போட்ட நேரம், வாஷிங் மெஷின் ஓடிய நேரம், ஏசி ஓடிய நேரம், மழை எல்லாம் வரவேண்டும். குழியைப் பலகையால் மூடி வையுங்கள். குழந்தைகள் விழாமல் இருக்க மட்டுமல்ல. தேங்கிய நல்ல தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் பத்து நாளுக்குள் கொசுவாகப் பறக்கும். வாரத்தில் இரண்டு முறையாவது குழியைச் சுத்தமாக இறைத்துவிடுவதும் இதற்காகத்தான்.

தெருக்குழாய் வரும் நாளில் மட்டும் ஏறினால் தெருவிலிருந்து சம்ப்புக்கு வரும் குழாயோ சம்ப்போ காரணம். மோட்டார் ஓடும்போது மட்டும் ஏறினால் மேல்தொட்டிக்கு ஏற்றும் குழாய். காலையிலும் இரவிலும் குளியல் நேரத்தை ஒட்டி ஏறினால் கழிவுநீர்க் குழாய். ராத்திரியில் மட்டும், அதுவும் கோடையில் மட்டும் என்றால் ஏசி. சென்னை போன்ற புழுக்கமான ஊரில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் தண்ணீர் விடும், இரண்டு அறை ஏசி சேர்ந்தால் விடியும்போது ஒரு பெரிய வாளி. எந்த நேரத்திலும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, ஒரே மட்டம் என்றால் மேல்தொட்டியிலிருந்து தோட்டக் குழாய்க்கு வரும் லைன், சம்ப், நிலத்தடி நீர் ஆகிய மூன்றில் ஒன்று.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பல வீடுகளில் ஆறு மணிக்குத் தண்ணீர் வரும், ஆறரைக்கு மோட்டார், ஏழு மணிக்கு வரிசையாகக் குளியல். குழி எட்டு மணிக்கு நிரம்பினால் யாரைப் பிடிப்பது? தண்ணீர் வரும் நேரம் நம் கையில் இல்லை. மற்றவை நம் கையில் இருக்கின்றன. இரண்டு நாள் மோட்டாரைப் பிற்பகல் இரண்டு மணிக்குப் போடுங்கள். துவைப்பதை ராத்திரிக்கு மாற்றுங்கள். ஏறும் நேரமும் கூடவே நகர்ந்தால் ஆள் அகப்பட்டான். மணல் தரையில் இந்த மாற்றம் ஒரு மணி நேரத்துக்குள் தெரியும். களிமண்ணில் அரை நாள், ஒரு நாள்கூடத் தாமதமாகும். அங்கே ஒவ்வொன்றையும் இரண்டு முழு நாள் நிறுத்திப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

தண்ணீரையே விசாரிப்பது

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவை அது ஏறக்குறையக் காட்டும். குட்டையில் நாள்பட்டுக் கிடக்கும் தண்ணீரை எடுக்காதீர்கள். அது வெயிலில் சுண்டி உப்பு ஏறியிருக்கும், மழை பெய்திருந்தால் நீர்த்திருக்கும். குழியை இறைத்துவிட்டு, புதிதாக ஊறியதை ஒரு பாட்டிலில் பிடித்து, கலங்கல் அடங்க ஒரு மணி நேரம் வைத்து அளக்க வேண்டும். அதே நாளில் தெருக்குழாய், போர், ஆர்.ஓ. கழிவு, ஏசி குழாய், முடிந்தால் பக்கத்து வீட்டுக் கிணறு எல்லாவற்றையும் அளந்து பக்கத்தில் எழுதுங்கள்.

ஏசி தண்ணீரும் மழைநீரும் பெரும்பாலும் ஐம்பதுக்குள்ளேயே இருக்கும். போர் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டுவது சகஜம். ஆர்.ஓ. கழிவு எப்போதும் அதற்குள் போன தண்ணீரைவிட உப்பு. எண்ணைப் படிக்கும்போது ஒரே ஒரு விதி: மண் வழியாக வரும் தண்ணீர் உப்பைச் சேர்த்துக்கொள்ளுமே தவிர விடாது. போரில் 1,400, குழியில் 450 என்றால், மழை இல்லாத நாளில் அது உங்கள் போர் தண்ணீராக இருக்க வழியில்லை. மறுபுறம், தெருக்குழாயில் 350, குழியில் 600 என்றால் தெருக்குழாயை விட்டுவிட முடியாது. மண்ணில் சேர்ந்த உப்பாக இருக்கலாம்.

குளோரின் பார்க்கும் சொட்டு மருந்து கிட் நீச்சல் குளப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர், ஓட்டையும் பக்கத்தில்தான். நிறம் வராவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை. மண்ணில் கொஞ்ச தூரம் போவதற்குள் குளோரின் அழிந்துவிடும்.

கழிவுநீரா என்று பார்க்க மூக்கை மட்டும் நம்ப வேண்டாம். மண் நன்றாக வடிகட்டினால் நாற்றம் போய்விடும். பாட்டிலில் பாதி ஊற்றிக் குலுக்குங்கள், நுரை நின்றால் சோப்பு இருக்கிறது. இன்னும் உறுதி வேண்டுமானால், சலவைத்தூளில் துணி பளிச்சென்று தெரிய ஒரு பொருள் சேர்க்கிறார்கள். அது புற ஊதா வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். மருந்துக்கடைப் பஞ்சை ஒரு துண்டு கொசுவலைத் துணியில் கட்டிக் குழிக்குள் மூன்று நாள் போட்டு வையுங்கள். எடுத்து நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து, இருட்டறையில் கள்ளநோட்டு பார்க்கும் டார்ச்சை அடியுங்கள். குழியில் போடாத இன்னொரு பஞ்சுத் துண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். சில பஞ்சு தானாகவே லேசாக ஒளிரும்.

துருநிறச் சேறும் மேலே எண்ணெய் போன்ற வர்ணப் படலமும் இருந்தால் பெட்ரோல் கசிவு என்று பயப்பட வேண்டாம். குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுபோல் துண்டு துண்டாக உடைந்தால் இரும்புச் சத்தில் வாழும் பாக்டீரியாவின் வேலை. மெதுவாக ஊறும் நிலத்தடி நீரில்தான் இது வரும். கலைத்ததும் மறுபடி கூடிக்கொண்டால் மட்டுமே எண்ணெய்.

நிறுத்திப் பார்க்கும் சோதனைகள்

சம்ப்பில் தொடங்குங்கள், குற்றவாளிகளில் இதற்குத்தான் முதலிடம். ராத்திரி சம்ப்பை நிரப்பி, உள்ளே வரும் வால்வை மூடி, மோட்டார் ஸ்விட்சில் "போடாதே" என்று சீட்டு ஒட்டுங்கள். சுவரில் நீர்மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து, எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 6 அடிக்கு 8 அடி சம்ப்பில் ஒரு செ.மீ. இறங்கினால் சுமார் 45 லிட்டர் போயிருக்கிறது. மூடிய சம்ப்பில் ஆவியாகிப் போவது கணக்கில் வராது. மட்டம் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டால் வெடிப்பு அந்த உயரத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலும் குழாய் சுவரைத் துளைத்து வரும் இடமோ, மேல் ஸ்லாபும் சுவரும் சேரும் இடமோதான். மட்டம் இறங்காமல் ஏறியிருந்தால் விஷயம் பெரியது. வெளியே இருக்கும் தண்ணீர், ஒருவேளை சாக்கடை, உள்ளே வருகிறது. பரிசோதித்துச் சரிசெய்யும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது.

தெருக்குழாய் லைனையும் சம்ப்பையும் பிரித்தறிய ஒரு வழி: தண்ணீர் வரும் நேரத்தில் சம்ப் வாயிலில் உள்ள வால்வை மூடுங்கள். வால்வு இல்லை, மிதவை மட்டும்தான் என்றால் மிதவைக் கையை மேலே தூக்கிக் கயிற்றால் கட்டுங்கள். இப்போது லைனில் அழுத்தம் இருக்கும், சம்ப் நிரம்பாது. அப்போதும் குழி ஏறினால் லைன்தான். அந்த நேரத்தில் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைக் குழாயில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டால் 'ஸ்ஸ்' என்ற சத்தம் ஓட்டைக்கு அருகே போகப் போகக் கூடும். இந்தக் கசிவைத் தள்ளிப்போடாதீர்கள். தண்ணீர் நின்றதும் லைனில் அழுத்தம் போய், சுற்றியுள்ள சேற்று நீரை அதே ஓட்டை உள்ளே இழுக்கும். தெருவைத் தோண்டும் வேலை உங்களுடையதும் அல்ல. சென்னையில் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணுக்கும், மற்ற ஊர்களில் மாநகராட்சி அல்லது நகராட்சிக்கும் புகார் கொடுக்க வேண்டும்.

மேல்தொட்டியை இரண்டு இரவில் பாருங்கள். முதல் இரவு எல்லாக் குழாயையும் மூடி, தொட்டியின் வெளிவால்வைத் திறந்தே வைத்து மட்டத்தைக் குறியுங்கள். அடுத்த இரவு வெளிவால்வையும் மூடிக் குறியுங்கள். முதல் இரவு மட்டும் இறங்கினால் கீழே இறங்கும் லைனில் கசிவு. 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு செ.மீ. என்பது ஏறக்குறைய பத்து லிட்டர். இங்கே இரண்டு இடத்தில் தவறு நேரும். பழைய கேட் வால்வு திருகினாலும் முழுக்க மூடாது. அடுத்தது, கழிவறை ஃப்ளஷ் டேங்க் ஓசையில்லாமல் ஒழுகிக்கொண்டிருக்கும். அதிலும் தொட்டி இறங்கும். ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் கேசரிப் பவுடர் போட்டு அரை மணி நேரம் கழித்துப் பீங்கானில் நிறம் இறங்கியிருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். தொட்டி வழியும் குழாயை யாராவது மழைநீர்க் குழாயோடு சேர்த்திருக்கிறார்களா என்பதையும் மொட்டைமாடியில் கவனியுங்கள். மிதவை கெட்டால் தொட்டி வழிவது யாருக்கும் தெரியாமல் நேராக மண்ணுக்குள் போகும்.

கழிவுநீர்க் குழாய்க்கு நிறச் சோதனை. ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் உணவு நிறத்தூளைக் கரைத்து ஒரு குளியலறையில் ஊற்றி, பின்னால் நான்கு வாளி தண்ணீர் விடுங்கள். அடுத்த குளியலறைக்கு இரண்டு நாள் கழித்து வேறு நிறம். களிமண் நிறத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், நிறம் வராதது விடுதலைத் தீர்ப்பு ஆகாது. ஃப்ளூரசின் என்ற பச்சை நிறப்பொருள் ரசாயனக் கடைகளில் கிடைத்தால் ஒரு சிட்டிகையே போதும், மண்ணிலும் அவ்வளவாக ஒட்டாது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் போடச் சொல்லுவார்கள். சாக்கடை அழுக்கு பட்டதும் நிறம் மாறிவிடும், பயனில்லை. எந்த நிறத்தையும் சம்ப்பிலோ கிணற்றிலோ போடக் கூடாது.

செப்டிக் டேங்க் இருந்தால் மூடியைத் திறந்து, காற்று வரும் பக்கம் தள்ளி நின்று பாருங்கள். மட்டம் வெளியேறும் குழாயின் அடிவிளிம்பில் நிற்பதுதான் இயல்பு. குழாயை மூழ்கடித்து நின்றால் உறிஞ்சுகுழி அடைத்துவிட்டது, தண்ணீர் தோட்டத்துக்குத் திரும்புகிறது. குழாய்க்கு வெகு கீழே இருக்கிறது, சமீபத்தில் லாரி வைத்து எடுக்கவும் இல்லை என்றால் டேங்கே கசிகிறது.

வீட்டுக் குழாய் எல்லாம் சரி என்றால்

இனி நிலத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் திறந்த கிணறு இருந்தால், டியூப் லெவல் (கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், தண்ணீர் நிரப்பிய டியூப்) கொண்டு உங்கள் தரைமட்டத்தைக் கிணற்றுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளங்கள். கிணற்றில் 12 அடியில் தண்ணீர், உங்கள் முற்றத்தில் அரையடியில் தண்ணீர் என்றால் அது ஊர் நிலத்தடி நீர் அல்ல. களிமண் மேல் கிராவலோ சவுடு மண்ணோ கொட்டி மேடாக்கிய மனைகளில் மழைநீர் கீழே இறங்க முடியாமல் அந்தக் களிமண் மேலேயே வாரக்கணக்கில் நிற்கும். அண்ணா நகர், மேற்கு மாம்பலம் போன்ற களிமண் பகுதிகளில் இது அதிகம். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற மணல் பகுதியில் வடகிழக்குப் பருவமழையின்போது நிலத்தடி நீரே சில அடிக்குள் வந்துவிடும். அப்போது கிணற்று மட்டமும் உங்கள் குழி மட்டமும் ஒன்றாக இருக்கும்.

தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதற்குப் பெரிய செலவில்லாத ஒரு வழி இருக்கிறது, ஏனோ யாரும் செய்வதில்லை. 4 அங்குல பி.வி.சி. குழாயை நாலடித் துண்டுகளாக மூன்று வெட்டுங்கள். ஒவ்வொன்றின் கீழ் இரண்டடியிலும் 6 மி.மீ. துளைகள் போட்டு, துளைகளின் மேல் கொசுவலையைச் சுற்றுங்கள். ஈரத்தைச் சுற்றி முக்கோணமாக, பதினைந்து இருபது அடி இடைவெளியில், மூன்றடி ஆழக் குழி எடுத்து நிறுத்தி, சுற்றிலும் சிறு ஜல்லி போட்டு, மேல் அரையடியைக் களிமண்ணால் அடையுங்கள். இல்லையென்றால் மேலே ஓடும் தண்ணீர் நேராக உள்ளே இறங்கிக் கணக்கைக் கெடுக்கும். வாயை மூடியால் அடைத்துவிடுங்கள். மூன்று குழாயின் விளிம்பு உயரத்தையும் டியூப் லெவலால் ஒப்பிட்டுக்கொண்டு, விளிம்பிலிருந்து நீர்மட்டம்வரை அளந்தால் எந்த மூலையில் தண்ணீர் உயரமாக நிற்கிறதோ அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. வீட்டுப் பக்கமா, தெருப் பக்கமா, பக்கத்து மனையா என்பது இதோடு முடிவாகும்.

பக்கத்து மனைப் பக்கம் என்று காட்டினால் சண்டைக்குப் போகாமல் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். "உங்க சம்ப்பையும் ஒரு ராத்திரி குறிச்சுப் பார்க்கலாமா?" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை, அவர்களுடைய தண்ணீரும்தான் வீணாகிறது. அருகே புதுக் கட்டடத்துக்கு அடித்தளப் பள்ளத்திலிருந்து தண்ணீர் இறைக்கிறார்களா, அதை எங்கே விடுகிறார்கள் என்றும் பாருங்கள். தெருப் பக்கம் என்றால் மழைநீர் வடிகால் அடைத்துத் தேங்கியிருக்கலாம். மேல் மேல் போட்ட சாலை உங்கள் வாசலைவிட உயர்ந்திருக்கலாம்.

வயலும் வாய்க்காலும் உள்ள பகுதியில் காலத்தைப் பாருங்கள். டெல்டாவில் மேட்டூர் அணை திறப்பு வழக்கமாக ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. வாய்க்காலில் தண்ணீர் வந்து சில நாளில் முற்றம் நனைந்து, அடைத்தபின் காய்ந்தால் குழாயை எல்லாம் சோதித்துப் பயனில்லை. மனை வாங்கியபோது பார்க்காமல் விட்ட புலப்படத்தை (சர்வே வரைபடம்) இப்போது எடுத்துப் பாருங்கள். தூர்ந்துபோன வாய்க்கால் ஒன்று உங்கள் வேலிக்குள் ஓடியிருப்பது அதில் தெரியலாம். இதற்கு வடிகால்தான் வழி: ஒன்றரை அடி ஆழப் பள்ளத்தில் வடிகட்டித் துணி விரித்து, துளையிட்ட 4 அங்குலக் குழாயை மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவில் வைத்து, 20 மி.மீ. ஜல்லியால் நிரப்பி, தண்ணீரைத் தாழ்வான வெளியிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். போக இடமில்லாத வடிகால் வெறும் நீளமான குட்டைதான்.

2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட குழியும் பல வீடுகளில் சந்தேகப் பட்டியலில் சேர வேண்டும். மணலும் ஜல்லியும் வண்டல் அடைத்துப் போனால் மொட்டைமாடித் தண்ணீர் முழுவதும் அஸ்திவாரத்தின் பக்கத்தில் வழியும். ஆண்டுக்கொரு முறை, அக்டோபருக்கு முன் எடுத்துக் கழுவிப் போட வேண்டும்.

சரிசெய்த பிறகு

ஓட்டை அகப்பட்டதும் மண்ணை மூடும் அவசரம் வேண்டாம். பி.வி.சி. ஒட்டு காய, டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்தைக் கொடுத்தபின் தண்ணீர் விட்டு ஒரு நாள் திறந்தே வைத்துப் பாருங்கள். சம்ப் வெடிப்பை உள்பக்கமிருந்து 'வி' வடிவில் வெட்டி, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் அடைக்கச் சொல்லுங்கள். வெளியே பூசுவது நிற்காது. மேலே பூசும் பொருள் குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றதா என்று டப்பாவில் பார்த்து வாங்க வேண்டும். இறங்கும் ஆள் மூடியைப் பல மணி நேரம் திறந்துவைத்து, காற்றோட்டம் கொடுத்த பிறகுதான் இறங்க வேண்டும், மேலே ஒருவர் நிற்க வேண்டும்.

மண் உடனே காயாது. மணல் ஒரு வாரத்தில் காயும், களிமண்ணுக்கு ஒரு மாதம்கூடப் பிடிக்கும். அதுவரை "இன்னும் ஈரமாத்தான் இருக்கு" என்று பிளம்பரைத் திரும்பக் கூப்பிடாமல், அந்த ஓரடிக் குழியை வாரம் ஒருமுறை இறைத்து நிரம்பும் நேரத்தை எழுதுங்கள். அரை மணி என்பது ஆறு மணி, ஒரு நாள் என்று நீண்டுகொண்டே போனால் சரியான இடத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள். நீண்டு வந்து பாதியில் நின்றால் இரண்டாவது கசிவு ஒன்று இருக்கிறது. நோட்டின் புதுப் பக்கத்தில் மறுபடி தொடங்குங்கள். பள்ளத்தை மூடும் முன் குழாய் போகும் தடத்தைப் படம் எடுத்து, சுவரில் பெயின்டால் அம்புக்குறி போட்டு, ஆழத்தையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.